மார்கழிக் கச்சேரிக்குப் புதிதாக வருபவர்களுக்கு: பாட்டு, டிபன், காவிரிக் கரைப் பயணம்

டிசம்பர் பாதியைத் தாண்டிவிட்டால் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இரண்டு கேள்விகள் ஓயாமல் காதில் விழும். இன்று யார் கச்சேரி என்பது ஒன்று; எந்த சபாவில் (கச்சேரி நடத்தும் சங்கத்தில்) யார் சமையல் என்பது மற்றொன்று. இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பழகாதவர்கள், குறிப்பாக வேலை நிமித்தம் சென்னைக்குக் குடிவந்தவர்களும் இசை கற்காத குடும்பங்களில் பிறந்தவர்களும், மார்கழி இசை விழா தங்களுக்கு உரியதல்ல என்று எண்ணி ஒதுங்கிப் போவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். ராகம் தெரியாமல் கச்சேரிக்குப் போகலாம். இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காரும் பொறுமையும், நல்ல ரவா தோசையின் மீது கொஞ்சம் ஆசையும், ஊர் சுற்றும் கனவும் இருந்தால் தொடங்குவதற்குப் போதும்.

இந்த விழா ஒரே அமைப்பு நடத்தும் ஒரே நிகழ்ச்சி அன்று என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். திருவல்லிக்கேணி ஸ்ரீ பார்த்தசாரதி சுவாமி சபா 1900ஆம் ஆண்டில் தொடங்கியது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதனுடன் ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. மேடைகளில் தமிழ்ப் பாடல்கள் போதிய அளவில் ஒலிக்கவில்லை என்ற குறையைத் தீர்க்க 1943இல் தமிழ் இசைச் சங்கம் அமைந்தது. இப்படி ஒவ்வொன்றாகத் தோன்றிய சபாக்கள் இன்று ஒரே மாதத்தில், ஒரே நகரத்தில், ஒரே நேரத்தில் கச்சேரி வைக்கின்றன. 2017இல் யுனெஸ்கோ தன்னுடைய படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் இசைக்காகச் சென்னையைச் சேர்த்ததற்கும் இந்த மரபே முக்கியமான காரணம். புதிதாக வருபவருக்கு இதனால் ஒரு சிக்கல் உண்டு: தேர்ந்தெடுப்பதற்கு அளவுக்கு மிஞ்சி இருக்கிறது.

முதல் கச்சேரியைத் தேர்ந்தெடுத்தல்

பெயர் பெற்ற வித்துவானின் மாலைக் கச்சேரியோடு தொடங்க வேண்டாம். அதற்கு முன்பதிவு வேண்டும், கட்டணம் உண்டு, கிடைக்கும் இடமும் பெரும்பாலும் பின்வரிசையாகவே இருக்கும். இரண்டரை மணி நேரம் நீளும் கச்சேரியில் புதியவருக்குப் பாதியிலேயே களைப்புத் தட்டிவிடும். அதற்கு மாறாக நண்பகலிலும் பிற்பகலிலும் நடக்கும் இளங்கலைஞர்களின் கச்சேரி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான சபாக்களில் இவற்றுக்குக் கட்டணம் கிடையாது. ஒன்றரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முன்வரிசையிலேயே இடம் கிடைக்கும். ஆண்டு முழுவதும் சாதகம் செய்துவிட்டு அந்த ஒரு மேடைக்காகக் காத்திருந்த பாடகர் ஒருவர், பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்காகவே பாடுவார். காலி நாற்காலிகளுக்கு நடுவில் நீங்கள் ஒருவர் கூடுதலாக உட்கார்வதே அவருக்கு எவ்வளவு பெரிய தெம்பு என்பதை அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

எந்த நாளில் எங்கே யார் பாடுகிறார்கள் என்பதை நாளிதழ்களிலும், சபா வாசலில் வைத்திருக்கும் பலகையிலும், சபாக்கள் தாமே வெளியிடும் நிகழ்ச்சி நிரலிலும் பார்க்கலாம். பார்த்தவுடன் நாளைக்கு நான்கு கச்சேரி என்று திட்டம் போடத் தோன்றும். அதை அடக்கிக்கொள்ளுங்கள். நான் முதன்முதலில் வந்த ஆண்டில் ஒரே நாளில் மூன்று சபாக்களுக்கு ஆட்டோவில் ஓடினேன். இரவில் வீடு திரும்பியபோது எந்த ராகத்தை எங்கே கேட்டேன் என்பதே நினைவில் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு கச்சேரி, அதையும் தொடக்கம் முதல் மங்களம் வரை முழுமையாகக் கேட்பது என்று முதல் வாரத்துக்காவது முடிவு செய்துகொள்வது நல்லது.

இடத்தைப் பகுதிவாரியாக வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும். மயிலாப்பூரில் கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன், சுந்தரேசுவரர் தெருவில் ரசிக ரஞ்சனி சபா, முசிறி சுப்பிரமணியம் சாலையில் மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப் ஆகியவற்றை நடந்தே சுற்றிவிடலாம். பறக்கும் ரயிலில் வருபவர்கள் திருமயிலை நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம். டி.டி.கே. சாலையில் மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் இருக்கின்றன. தியாகராய நகரில் ஜி.என். செட்டி சாலையில் வாணி மகாலும், மகாராஜபுரம் சந்தானம் சாலையில் கிருஷ்ண கான சபாவும் உள்ளன. சபாவுக்குப் போகும் சாலைகளுக்கே பாடகர்களின் பெயரைச் சூட்டிய ஊர் இது. (மயிலாப்பூரில் உள்ள கச்சேரி சாலையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நீதிமன்றத்தையும் அரசு அலுவலகத்தையும் கச்சேரி என்று சொல்லிவந்த காலத்துப் பெயர் அது.) தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் அமைந்த கீர்த்தனைகள் புரியாது என்று தயங்குபவர்கள் பாரிமுனைப் பக்கம் உள்ள ராஜா அண்ணாமலை மன்றத்தில், தமிழ் இசைச் சங்கத்தின் விழாவிலிருந்தே தொடங்கலாம். அங்கே தமிழ்ப் பாடல்களுக்கே முதலிடம். தேவாரப் பண்களைக் கேட்கவும் வாய்ப்புக் கிடைக்கும்.

எங்கே உட்கார்வது

கச்சேரி தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பாகவே உள்ளே போய்விடுங்கள். குளிரூட்டிய அரங்குகளில் மார்கழிக் குளிரும் சேர்ந்துகொள்வதால் ஒரு சால்வை கையில் இருக்கட்டும். கைப்பேசியை அணைத்துவிட வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் ஆலாபனையின் உச்சத்தில் ஒலிக்கும் ஒரு மணியோசை பாடகரையும் அரங்கையும் ஒருசேரக் கீழே இறக்கிவிடும்.

உட்காரும் இடத்தைப் பற்றி யாரும் புதியவர்களிடம் சொல்லாத ஒரு குறிப்பு உண்டு. மேடையைப் பார்த்தபடி நீங்கள் அமர்ந்திருக்கும்போது பொதுவாக மிருதங்கம் உங்கள் இடப்பக்கத்திலும் வயலின் வலப்பக்கத்திலும் இருக்கும். மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலக்கையால் வாசிக்கும் முகம், அவையை நோக்கியிருக்கும்படி அமைந்த ஏற்பாடு இது. இடக்கைப் பழக்கமுள்ள வித்துவான் வாசித்தால் இது மாறிவிடும். ஆகவே அரங்கின் இடப்பாதியில் மூன்றாவது நான்காவது வரிசையில் உட்கார்ந்தால், மிருதங்க வித்துவானின் வலக்கை விரல்கள் ஒவ்வொன்றும் விழுவதைத் தெளிவாகப் பார்க்கலாம். காது பழகாத புதியவருக்குக் கண் பெரிய துணை.

கொஞ்சம் முன்பாகப் போனதற்கு இன்னொரு பலனும் உண்டு. திரை விலகுமுன்போ விலகிய உடனேயோ மிருதங்கத்தைச் சுருதி சேர்ப்பதைப் பாருங்கள். ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து இடப்பக்கத் தோலின் நடுவில் அப்புவார்கள். அந்தப் பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர். ரவையின் கனத்தால் அதன் நாதம் கீழிறங்கிக் கும்மென்று ஆகும். கச்சேரி முடிந்ததும் அதைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். வலந்தலையின் நடுவில் நிரந்தரமாக இருக்கும் கருவட்டத்துக்கோ சாதம் என்றே பெயர். கிட்டக்கல் தூளைச் சோற்றோடு சேர்த்து அரைத்து, மெல்லிய படலங்களாக ஏற்றித் தேய்த்துச் செய்வது அது. ஒரு பக்கம் ரவை, மறுபக்கம் சோறு. சிறு கல்லாலும் கட்டையாலும் விளிம்பில் தட்டித் தட்டி அந்த இரண்டையும் தம்புராவின் சுருதிக்குக் கொண்டு வரும் அந்த ஐந்து நிமிடங்களை நான் எந்தக் கச்சேரியிலும் தவறவிடுவதில்லை.

என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுதல்

இன்றைய கச்சேரியின் வரிசைமுறை அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) வகுத்து நிலைபெறச் செய்தது என்பார்கள். பெரும்பாலும் வர்ணத்தோடு தொடங்கும்; அடுத்து விநாயகர் மீது ஒரு கீர்த்தனை; பிறகு வெவ்வேறு ராகங்களிலும் தாளங்களிலும் இரண்டு மூன்று உருப்படிகள். இவையெல்லாம் பாடகரின் குரலும் உங்கள் காதும் சூடேறுவதற்கானவை. கச்சேரியின் நடுப்பகுதிக்குப் பின் பிரதான உருப்படி வரும். அதில் நான்கு கட்டங்களை அடையாளம் காணக் கற்றுக்கொண்டால் போதும்.

முதலில் ஆலாபனை. இதில் தாளம் இல்லை, பாடல் வரி இல்லை. பாடகர் ராகத்தை மட்டும் மெதுவாக விரித்துக்கொண்டே போவார். அவர் முடித்ததும் வயலின் வித்துவான் அதே ராகத்தைத் தம் வழியில் விரிப்பார். புதியவர்களுக்கு மிகவும் நீளமாகத் தோன்றுவது இந்தப் பகுதிதான். இதைக் கேட்பதற்கு ஓர் எளிய வழி உண்டு: பாடகர் எந்தச் சுரத்தில் வந்து ஓய்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். மாடிப்படி ஏறுபவர் ஒவ்வொரு திருப்பத்திலும் சற்று நின்று மூச்சு வாங்குவதைப் போல அவர் ஒவ்வொரு சுரத்திலும் நிற்பார். மேல் சட்ஜத்தை (மேல் ஸ என்ற சுரத்தை) எட்டிப் பிடித்ததும் அரங்கில் ஓர் அசைவு தெரியும்.

அடுத்தது கீர்த்தனை. மிருதங்கம் இங்கே சேர்ந்துகொள்ளும். பிறகு நிரவல், பாடலில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு, சொற்கள் தாளத்தில் விழும் இடம் மாறாமல், சங்கதிகளை, அதாவது அந்த வரியின் ராக வடிவங்களை, மாற்றி மாற்றிப் பாடுவது. நான்காவது கற்பனைச் சுரம். ஸரிகம என்று சுரங்களையே சொல்லிப் பாடி, ஒவ்வொரு முறையும் பாடலின் அதே இடத்துக்குச் சரியாகத் திரும்பி வருவார்கள். பாடகரும் வயலின்காரரும் மாறி மாறிப் பாடி வாசிக்கும்போது, திரும்பி வரும் அந்த இடத்தை நீங்களும் எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் கச்சேரி உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது.

ராகங்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதல் ஆண்டில் ஒரே ராகத்தைப் பின்தொடருங்கள். கல்யாணி அதற்கு மிகவும் ஏற்றது. திரைப்பாடல்கள் வழியாக எல்லோருடைய காதிலும் ஏற்கெனவே குடியேறியிருக்கும் ராகம் அது. எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களில் (தாய் ராகங்களில்) சங்கராபரணம் இருபத்தொன்பதாவது, கல்யாணி அறுபத்தைந்தாவது. ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு மத்யமம் என்ற ஒரே சுரத்தில்தான். மாதம் முழுவதும் இந்த இரண்டை மட்டும் தேடிக் கேட்டுக்கொண்டிருந்தால், இதுவா அதுவா என்று சொல்லிவிடக்கூடிய நாள் பொங்கலுக்குள் வந்துவிடும்.

தொடையில் தாளம்

அவையில் பலரும் தொடையில் தட்டி விரல்களை எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் புதியவர்கள் கூச்சப்படுவார்கள். ஆதி தாளத்தைப் போடுவதற்கு ஐந்து நிமிடப் பயிற்சி போதும். உள்ளங்கையால் ஒரு தட்டு. பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என்று மூன்று எண்ணிக்கை. அதன்பின் ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. மறுபடியும் ஒரு தட்டு, ஒரு வீச்சு. மொத்தம் எட்டு. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் மயிலாப்பூரில் ஒரு பிற்பகல் கச்சேரியில் பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு மாமி. நான் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துத் தன் கையோடு சேர்த்துத் தட்ட வைத்தார். "சுண்டு விரல்லேர்ந்து எண்ணும்மா, அவசரப்படாதே, பாட்டு எங்கேயும் ஓடிடாது" என்று காதோரம் சொன்னார். அவர் பெயரைக் கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பாடல் எப்போதும் முதல் தட்டிலேயே தொடங்க வேண்டும் என்பதில்லை. தட்டுக்குச் சற்றுத் தள்ளியும் எடுக்கும். அது எடுப்பு. பிரதான உருப்படியில் ஒவ்வோர் எண்ணிக்கையையும் இரண்டு முறை போட்டு மெதுவாகச் செல்வதும் உண்டு. கணக்குத் தவறினால் மேடையில் பாடகரின் கையைப் பார்த்து மறுபடியும் சேர்ந்துகொள்ளுங்கள். ஓசை வராமல், உங்கள் தொடையில் மட்டும் தட்டுங்கள். முன் நாற்காலியின் முதுகில் தட்டுவது உட்கார்ந்திருப்பவருக்குச் செய்யும் கொடுமை.

தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகாதீர்கள்

இந்த வழிகாட்டியில் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இது ஒன்றைத்தான். கற்பனைச் சுரம் முடிந்ததும் பாடகர் மிருதங்க வித்துவானைப் பார்த்துக் கைகாட்டுவார். குரலும் வயலினும் ஓய்ந்துவிட, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி தொடங்கும். அந்த நொடியில் அரங்கில் கால்வாசிப் பேர் எழுந்து கேன்டீனை நோக்கி நடப்பதை எந்த சபாவிலும் காணலாம். இரண்டு மணி நேரம் பாடகருக்குத் தோள் கொடுத்த கலைஞருக்கு அன்றைய மேடையில் கிடைக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் அது. அவர் தலை நிமிர்ந்து பார்க்கும்போது எதிரே முதுகுகள் தெரிவது எனக்கு இன்றும் வலிக்கிறது. நானும் ஒரு முறை அப்படி எழுந்து போனவள்தான். டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றபோது சுவருக்கு அப்பாலிருந்து பெரிய கைத்தட்டல் கேட்டது. எதற்காக என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை.

தனியைக் கேட்பது கடினம் என்பது வீண் பயம். நீங்கள் ஆதி தாளம் போடக் கற்றுக்கொண்டதே இதற்காகத்தான். மிருதங்கமும் கடமும் இருந்தால் முதலில் இருவரும் நீண்ட நேரம் முறை வைத்து வாசிப்பார்கள். பிறகு அந்த முறை எட்டு எண்ணிக்கையாகவும், நான்காகவும், இரண்டாகவும், ஒன்றாகவும் குறுகிக்கொண்டே வரும். இதைக் குறைப்பு என்பார்கள். இருவரும் ஒருவர் பேச்சை மற்றவர் பிடுங்கிக்கொள்வது போல நெருங்கி வந்து, கடைசியில் சேர்ந்து வாசிப்பார்கள். முடிவில் ஒரே கோர்வையை (கணக்காகக் கோத்த தாளச் சொற்கட்டை) மும்முறை வாசித்துப் பாடலின் எடுப்பில் கொண்டுவந்து இறக்க, பாடகர் விட்ட இடத்திலிருந்து வரியைப் பிடித்துக்கொள்வார். தாளம் தவறாமல் போட்டுக்கொண்டே வந்தவர்களுக்கு அந்த ஒரு கணத்தில் உடம்பு சிலிர்க்கும்.

தனிக்குப் பின் வருபவை துக்கடாக்கள். சிறிய, இனிய பாடல்கள். தமிழ்ப் பாடல்கள் அதிகம் வருவதும் இங்கேதான். மங்களம் பாடி முடிக்கும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்திருங்கள்.

கேன்டீன்

எழுந்து போகாமல் இருப்பதற்கு ஒரே வழி முன்பே சாப்பிட்டுவிடுவதுதான். சபா கேன்டீன்கள் மார்கழியில் மட்டும் பந்தல் போட்டு நடப்பவை. பெரும்பாலான இடங்களில் கச்சேரிக்கு டிக்கெட் வாங்காதவர்களும் சாப்பிடலாம். நண்பகலில் இலைச் சாப்பாடு, பிற்பகல் மூன்று மணிக்கு மேல் டிபன் என்பது பொதுவான ஏற்பாடு. ஞானாம்பிகா, மவுண்ட்பேட்டன் மணி ஐயர், சாஸ்தாலயா போன்ற பெயர்களை ரசிகர்கள் வித்துவான்களின் பெயருக்கு நிகராக உச்சரிப்பார்கள். எந்த சபாவில் யார் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்வதே சரி. பேச்சைத் தொடங்குவதற்கும் அதைவிட நல்ல கேள்வி இல்லை.

மாலைக் கச்சேரிக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் கூட்டம் அலைமோதும். நாலரை மணிக்குப் போய்விடுங்கள். முதலில் இனிப்பு: காசி அல்வா கிடைத்தால் அதை விடாதீர்கள். வெண்பூசணியைத் துருவி, தண்ணீரைப் பிழிந்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிளறுவது அது; நல்ல கைப்பக்குவத்தில் துருவல் குழையாமல் கண்ணாடி போல இழை இழையாகப் பிரியும். அடுத்துக் கீரை வடையோ வாழைப்பூ வடையோ ஒன்று. ரவா தோசை கேட்டால் பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். கல்லில் மாவை வட்டமாகத் தேய்க்காமல் மேலேயிருந்து தெளிப்பதால் வலைபோல ஓட்டை ஓட்டையாக விழுந்து, மிளகும் இஞ்சியும் பச்சை மிளகாயும் அந்த வலைக்குள் மாட்டிக்கொண்டு, விளிம்பு பழுப்பேறும்வரை அது வேக வேண்டும். இலையில் விழுந்த உடனே சாப்பிட்டுவிடுங்கள். இரண்டு நிமிடம் பேச்சில் கழிந்தால் மொறுமொறுப்புப் போய்விடும். அடை அவியல் எனக்கு உயிர் என்றாலும் அதைக் கச்சேரிக்குப் பின் வைத்துக்கொள்கிறேன். மூன்று பருப்பும் தேங்காயும் வயிற்றில் இருக்கும்போது விளம்ப காலத்தில் ஓர் ஆலாபனையைக் கேட்டு விழித்திருப்பது கடினம். டபராவில் காபியை ஆற்றிக் குடித்துவிட்டுக் கை கழுவி உள்ளே போனால், தனி ஆவர்த்தனம் முடியும்வரை வயிறு எதையும் கேட்காது.

அதிகாலையில் எழக்கூடியவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பாபநாசம் சிவன் மயிலாப்பூர் மாட வீதிகளில் நடத்திய மார்கழி பஜனையின் வழக்கம் இன்றும் தொடர்கிறது. கோலங்களுக்கு நடுவே திருப்பாவையும் திருவெம்பாவையும் கேட்டபடி நடந்துவிட்டு, கோயில் பொங்கலைத் தொன்னையில் வாங்கிக்கொண்டு, பிறகு மியூசிக் அகாடமியில் காலையில் நடக்கும் செயல்முறை விளக்க உரைகளுக்குப் போகலாம்.

குறிப்பேடும் ஊர்களும்

ஒரு சிறிய குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாடலின் தொடக்கம், ராகம், தாளம் ஆகியவற்றோடு நான்காவதாக ஒரு கட்டம் போட்டு, அதில் ஓர் ஊரின் பெயரை எழுதுங்கள். மேடையில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர் உண்டு. கச்சேரி முடிந்து பேருந்துக்காகக் காத்திருக்கும்போது அந்த ஊர்களை நினைத்துப் பார்ப்பது எனக்கு மார்கழியின் பாதி இன்பம்.

விழாவின் தொடக்கத்தில் ஒலிக்கும் நாகசுரம் பெரும்பாலும் கும்பகோணத்துக்குக் கிழக்கே உள்ள நரசிங்கம்பேட்டையில் உருவாகியிருக்கும். பழைய வீடுகளின் தூண்களிலிருந்தும் உத்தரங்களிலிருந்தும் கிடைக்கும் ஆச்சா மரத்தைக் கடைந்து அங்கே நாகசுரம் செய்கிறார்கள்; 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாகசுரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் திருவாவடுதுறையும் பக்கத்தில்தான். வீணைக் கச்சேரி கேட்டால் தஞ்சாவூர் என்று எழுதுங்கள். பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரம் அங்கே வந்து வீணையாகிறது. கடத்துக்கு மானாமதுரை. வயலினுக்கு எந்த ஊர் என்று யோசித்தால் வியப்பாக இருக்கும்: முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், அவர்கள் குடும்பம் சென்னைக்கு வடக்கே மணலியில் வாழ்ந்த காலத்தில், ஐரோப்பியர் ஒருவரிடம் அதைக் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். ஆலைகள் நிறைந்த இன்றைய மணலியைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

கீர்த்தனை எதுவாக இருந்தாலும் திருவாரூர் அடிக்கடி வந்துவிடும். சியாமா சாஸ்திரி (1762–1827), தியாகராஜர் (1767–1847), முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) ஆகிய மூவருமே அங்கே பிறந்தவர்கள். கமலாலயக் குளத்தங்கரையும், கோயிலில் உள்ள ஐந்து முகங்கொண்ட பஞ்சமுக வாத்தியமும் பார்க்க வேண்டியவை. டிசம்பர் முடிவதற்குள் குறிப்பேட்டில் உள்ள ஊர்களை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவை காவிரியையும் அதன் கிளைகளையும் ஒட்டி ஒரே வட்டாரத்தில் இருக்கும். தஞ்சாவூரில் இரண்டு இரவு தங்கினால், கும்பகோணம் வழியாக நரசிங்கம்பேட்டைக்கு ஒரு நாள், ரயிலில் திருவாரூருக்கு ஒரு நாள் என்று கனவைக் கணக்காக மாற்றிவிடலாம்.

திருவையாறு

அந்தப் பயணத்தைத் தியாகராஜ ஆராதனையோடு சேர்த்து வைத்துக்கொள்வது சிறப்பு. தியாகராஜர் சித்தியடைந்த புஷ்ய பகுள பஞ்சமி (புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாள்) பெரும்பாலும் சனவரியில் வரும். தஞ்சாவூரிலிருந்து 13 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருவையாற்றில், காவிரிக் கரையில் ஆராதனை நடக்கும். சென்னை எழும்பூரிலிருந்து இரவில் புறப்படும் உழவன் விரைவு வண்டி விடியலில் தஞ்சாவூரில் இறக்கிவிடும். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. பொங்கல் கூட்டமும் சேர்ந்துகொள்ளக்கூடும் என்பதால், பஞ்சாங்கத்தில் தேதியைப் பார்த்து, முதல் கச்சேரிக்குப் போவதற்கு முன்பே பயணச்சீட்டை வாங்கிவிடுங்கள்.

அங்குள்ள சமாதிக் கோயில் பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் செல்வத்தைச் செலவிட்டு 1920களில் எழுப்பியது. அதன் முன் பெண்கள் பாடக் கூடாது என்றிருந்த தடையை எதிர்த்து நின்று உரிமை பெற்றவரும் அவரே. 1952இல் மறைந்த அவருடைய சமாதியும் அருகிலேயே இருக்கிறது. பலரும் பார்க்காமல் கடந்துவிடுகிறார்கள், நீங்கள் ஒரு நிமிடம் அங்கே நில்லுங்கள்.

பஞ்சமியன்று காலை ஒன்பது மணியளவில் தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைச் சேர்ந்திசையாகப் பாடத் தொடங்குவார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்கள். நாட்டையும் ஆரபியும் கச்சேரிகளின் தொடக்கத்தில் அடிக்கடி வரும் ராகங்கள் என்பதால் உங்கள் குறிப்பேட்டில் ஏற்கெனவே இருக்கும். ஏழு மணிக்கே போய்ப் பந்தலில் இடம் பிடித்துவிடுங்கள். தரையில்தான் உட்கார வேண்டும் என்பதால் ஒரு துண்டோ சிறு விரிப்போ எடுத்துச் செல்லுங்கள். கட்டணம் ஏதும் இல்லை. பெயர் பெற்ற வித்துவான்களும் நேற்றுப் பாடத் தொடங்கிய பிள்ளைகளும் எதிரெதிராக வரிசையில் அமர்ந்து ஒரே சுருதியில் பாடுவார்கள். வரிகள் தெரியாவிட்டாலும் நீங்கள் அதில் சேரலாம்: ஐந்து கீர்த்தனைகளும் ஆதி தாளம். உள்ளங்கையால் ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல்.

பாட்டு முடிந்ததும் ஆற்றங்கரையிலிருந்து கடைத்தெருவுக்கு நடங்கள். பயத்தம்பருப்பில் நெய் சொட்டக் கிளறும் அசோகா அல்வா இந்த ஊரின் பண்டம். சபா கேன்டீன்களிலும் அது கிடைக்கும் என்றாலும் இங்கே சூடாக இலையில் வைத்துத் தருவதை ஒரு முறை சாப்பிட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வாங்குவதானால் கடைசி நாள் பிற்பகலில் வாங்கிக்கொள்ளுங்கள். இரவு வண்டியில் வந்தால் மறுநாள் காலைக் காபியோடு கொடுப்பதற்குப் பக்குவம் மாறாமல் இருக்கும்.